உன் அண்ணன் மூக்கும் ஓர் இங்கிலீஷ் காற்றும்

ரவிக்கைக் கொக்கி பிய்ந்துவிட்டதே என்று ஊசி தேடித்தான் அந்தத் தகர டப்பாவைத் திறந்தேன். டைப்ரைட்டர் ரிப்பன் வந்த வட்ட டப்பா. ஆபீசில் குப்பைக்குப் போக இருந்ததை எடுத்து, "ஊசி போட்டு வையிட்டி, தொலையாது" என்று நீதான் என் கையில் திணித்தாய். மூடியைத் திறந்ததும் அந்த மை வாசனை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை பார்! ஊசியை மறந்துவிட்டு, டப்பாவை மூக்குக்கிட்டே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாராவது பார்த்திருந்தால் செம்பூர் மாமிக்கு மூளை பிசகிவிட்டது என்று கட்டடம் முழுக்கச் சொல்லியிருப்பார்கள்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. தினமும் உன்னிடம் போனில் வம்பளந்தே பழகியவள் நான். இப்போது எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். பரவாயில்லை, கேள்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில், நம் டைப்பிங் இன்ஸ்டிட்யூட். அறுபதுகளில் எங்களைப் போன்ற வீடுகளில் பெண் பள்ளிக்கூடம் முடித்தால் அடுத்தது டைப்பிங், ஷார்ட்ஹேண்ட். அதற்கு மறுபேச்சு கிடையாது. என் அக்காக்கள் போன வழி என்று என்னையும் அதிலே தள்ளிவிட்டார்கள். எனக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. நீ அப்படியா வந்தாய்? தாராவியிலிருந்து வெயிலில் நடந்து, மூச்சு வாங்க மாடியேறி வந்து, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அப்புறம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே பார்க்கமாட்டாய். நீ விசையைத் தட்டுகிற தட்டில் என் மெஷின் ஆடும். "கொஞ்சம் மெல்ல அடியேன்டி, என் காகிதம் எல்லாம் நகர்றது" என்று நான் அலுத்துக்கொண்டதுதான் நாம் முதன்முதலாகப் பேசியது. "நகராமப் பிடிச்சுக்கோ" என்றாய். என்ன திமிர் இவளுக்கு என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே சேர்ந்து கரும்புச் சாறு குடித்தோம்.

சனிக்கிழமைகளில் மாஸ்டர் ஒரு மூலையில் கரும்பலகையை நிறுத்தி இடியம், அதாவது இங்கிலீஷ் மரபுத்தொடர், வகுப்பு எடுப்பார். "கோட்டையில், அதுதான் ஃபோர்ட் பகுதிக் கம்பெனிகளில், இருக்கிற மானேஜர்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள், சுற்றித்தான் சொல்வார்கள். சுற்றுவது புரியாவிட்டால் தப்பாக அடித்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள்" என்பார். ஒரு நாளைக்கு ஒரு இடியம். அர்த்தம் என்ன, எப்படிப் பயன்படுத்துவது, அவ்வளவுதான். அன்றைக்கு எழுதியது, 'கெட் விண்ட் ஆஃப்.'

யாருக்குத் தெரியும் என்று கேட்டார். தெரியாத விஷயத்தில் தலையைக் குனிந்துகொள்வது என் வழக்கம். நீ எழுந்து நின்றாய். "காத்து கருப்பு அண்டுதது, சார்." வகுப்பே கொல்லென்று சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, "அப்ப என்னன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றாய்.

மாஸ்டர் நன்றாகத்தான் சொன்னார். மறைத்து வைத்த ஒரு விஷயம், யாரும் வந்து சொல்லாமலேயே எப்படியோ ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுதான். வேட்டைக்காரன் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மான் அவன் வாசனையைக் காற்றில் பிடித்து ஓடிவிடும். அங்கிருந்து வந்த பேச்சு என்றார். நாம் காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அது. நமக்குக் காது, அவர்களுக்கு மூக்கு.

ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். நீ எழுதியதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். 'மை பிரதர் ஏட் பொட்டேட்டோ அண்ட் காட் விண்ட் ஆஃப் இட்.' மாஸ்டர் அதை உரக்கப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, உன் அண்ணன் உருளைக்கிழங்கைப் பற்றி யாரோ மறைத்து வைத்த ரகசியத்தைக் கண்டுபிடித்தார் என்றா சொல்கிறாய்?" நீ கொஞ்சமும் அசரவில்லை. "இல்ல சார், அவருக்கு வாயு. கிழங்கு சாப்ட்டா ஆகாது. உள்ளதத்தான் எழுதினேன்."

அதற்கப்புறம் உனக்குப் பெயரே உருளைக்கிழங்கு. நானாக இருந்தால் அந்த மாடிப்படியை மறுபடி மிதித்திருக்கமாட்டேன். நீ அடுத்த சனிக்கிழமை முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாய். அந்த ஒரே இடியத்தை வைத்துப் பக்கம் பக்கமாக வாக்கியம் எழுதிக்கொண்டு வந்திருந்தாய். போலீசுக்குத் தெரிந்தது, எலிக்குத் தெரிந்தது, எதிர்க்கடைக்காரனுக்குத் தெரிந்தது என்று என்னென்னவோ! தப்பு செய்த இடத்தை விட்டு ஓடமாட்டாய். அங்கேயே நின்று, அது சரியாக வந்த பிறகுதான் நகர்வாய். உன்னிடம் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

அதற்குள் உன் சங்கதி எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா இல்லாத வீடு. தாராவி மெயின் ரோட்டில் உன் அண்ணனுக்குப் பலசரக்குக் கடை. தங்கமான மனிதர்தான், ஆனால் பெண்பிள்ளை கோட்டைக்கு வேலைக்குப் போவதென்றால் ஆகாது. தூத்துக்குடிப் பக்கத்தில் மாமன் மகனுக்கு உன்னைக் கொடுப்பதாகப் பேச்சு. உனக்கு அந்த மாமன் மகன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. "நல்லவருதான். ஆனா நான் அங்க போயி என்னட்டி செய்வேன்? எனக்கு இங்க இருக்கணும், சம்பாதிக்கணும், என் காலுல நிக்கணும்" என்றாய். அதனால் வீட்டில் சொன்னது, சர்ச்சில் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று. தையலுக்குச் சாட்சி வேண்டுமே என்று நான் ஒரு தலையணை உறையில் கிளி தைத்துக் கொடுத்தேன். உன் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோழி நல்லாருக்கு" என்றாராம்.

நமக்குள் அந்த இடியமே ரகசியப் பாஷை ஆகிவிட்டது. காலையில் படியேறும்போதே நான் கேட்பேன், "காத்து உண்டா?" உன் வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்ததா என்று அர்த்தம். "காத்தே இல்ல" என்பாய், சந்தோஷமாக. பிறகு என்னைக் கேலி செய்வாய், "உங்க ஆத்துல காத்து எப்படி?" ஆத்தும் காத்தும் சேர்ந்தால் உனக்குச் சிரிப்புத் தாங்காது. ஒருநாள் சயான் பஸ் ஸ்டாப்பில் நாம் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் அம்மாள் பரிதாபப்பட்டு, "ஜன்னல் வச்ச ரூமாப் பாருங்கம்மா" என்று புத்தி சொன்னாள்.

முதலில் வேலை கிடைத்தது எனக்கு. கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸ். அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்ததுதான், என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அங்கேயே இன்னொரு ஸ்டெனோ வேண்டும் என்றார்கள். உன் பெயரைக் கொடுத்தேன், பரீட்சைக்கு வரச் சொன்னார்கள். அதே வாரம் உன் மாமா ஊரிலிருந்து எழுதியிருந்தார், பெண்ணை அனுப்பி வையுங்கள், நாள் குறித்துவிடலாம் என்று. உனக்கு இருந்தது அந்த ஒரே ஒரு பரீட்சை.

அதற்கு முந்தின சாயங்காலம் பரீட்சைக்குக் கட்டிக்கொள்ள என் அக்காவின் மெல்லிய வாயல் புடவையை உனக்குக் கொடுக்கத் தாராவிக்கு வந்தேன். நீ கடையில் இருந்தாய். உன் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சரக்கு வந்து இறங்கினால் மூட்டையைப் பிரிக்காமலே, இது உடன்குடிக் கருப்பட்டி, இது கலப்படம் என்று சொல்லிவிடுகிற மூக்கு அவருக்கு. நீ ஒரு பெருங்காயப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாய். பொட்டலத்தை வாங்கவில்லை, உன் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இது என்ன வாசம்?"

"தையல் மெசின் எண்ணெய்ண்ணே."

"மெசின் எண்ணெய் எனக்குத் தெரியாதாட்டி? அடுத்த கடை டெய்லர் பொழுதன்னைக்கும் இங்கதான் நிக்கான். இது மை."

என் பேனா ஒழுகிவிட்டது, அதைத்தான் இவள் துடைத்தாள் என்று ஒரு பொய்யை நாக்கு நுனி வரை கொண்டுவந்துவிட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் அது அப்படியே நின்றுபோயிற்று.

"ஆமாண்ணே, மைதான். டைப்படிக்கப் படிக்கேன். தையல் கிளாசுக்கு ஒரு நாளும் போகல. சர்ச் பேரச் சொல்லிப் பொய் சொன்னேன், அது தப்பு. படிச்சது தப்பில்ல."

அரிசி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் பையை நீட்டியபடி நின்றார்கள். உன் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசிக்கிடுவோம்" என்றார்.

"நாளைக்கு எனக்குக் கோட்டையில பரீச்சை இருக்கு. வேலை கிடைச்சா நான் ஊருக்குப் போகமாட்டேன்."

"யார்ட்டப் பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"உங்ககிட்டத்தான். என்னப் போகவிடாம இருக்கணும்னா நீங்க கடையப் பூட்டிட்டு வீட்டு வாசல்ல உக்காரணும். அதுக்குப் பதிலா, கடையப் பூட்டிட்டு என்கூட வாங்க. என்ன எடம், எப்படிப்பட்ட ஆளுக, உங்க கண்ணால பாருங்க. பாத்துட்டும் வேண்டாம்னா சொல்லுங்க, ஊருக்கு வண்டியேறுதேன். அதுக்கப்புறம் வாயத் தொறக்கமாட்டேன்."

அடிப்பாவி! எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் கையிலேயே வைத்துவிட்டாயே என்று எனக்குப் பதறியது. வாசல் வரை என்னோடு வந்தபோது கேட்டேன், "என்னடி இப்படிப் பண்ணிட்டே, அவர் வேண்டாம்னுட்டா?" நீ புடவைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான்ட்டி இருக்கு" என்றாய். நீ பயப்படுகிறாய் என்று உன் வாயால் கேட்டது எனக்கு அன்றுதான்.

மறுநாள் உன் அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் படிய வாரிய தலை, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. லோக்கல் ரயிலில் அவர் ஒரு பெட்டி, நாம் லேடீஸ் பெட்டி. விக்டோரியா டெர்மினஸ் வரும் வரை நீ மடியில் விரலால் விசை தட்டிக்கொண்டே வந்தாய். ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு காட்டி அவரை உட்காரவைத்தேன். உள்ளே சாம்பிள் மூட்டைகள் இருந்த பக்கம் பார்த்து மூக்கை உறிஞ்சினார். "ஏலக்காயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் மானேஜர் பார்சிக்காரர். நல்லவர், ஆனால் டிக்டேஷன் கொடுத்தால் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர் மாதிரி வேகம். அன்று பரீட்சைக்குக் கொடுத்த கடிதத்தில் நம் பழைய சிநேகிதன் வந்து உட்கார்ந்திருந்தான். இந்தச் சரக்கு போவது போட்டிக் கம்பெனிகளுக்குத் தெரியக்கூடாது என்பதை அவர் வழக்கப்படி சுற்றி, 'மஸ்ட் நாட் கெட் விண்ட் ஆஃப்' என்று சொல்லியிருந்தார். உனக்கு முன்னால் வந்த பெண்கள் அத்தனை பேரும் அதை 'விண்டோ' என்று அடித்திருந்தார்கள். போட்டிக்காரர்களுக்கு ஜன்னல் கிடைக்கக்கூடாதாம்! மனிதர் எரிச்சலின் உச்சியில் இருந்தார். உன் காகிதத்தைப் பார்த்தார், நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். என் மேஜை அவர் அறையின் அரைக் கதவுக்குப் பக்கத்தில்தான். விரலை விசை மேல் வைத்துக்கொண்டு காதை உள்ளே வைத்திருந்தேன்.

அர்த்தம் தெரிந்து அடித்தாயா, இல்லை காதில் விழுந்ததை அடித்தாயா என்று கேட்டார். அர்த்தம் சொன்னாய். சரி, ஒரு வாக்கியத்தில் சொல்லு என்றார். ஐயோ, உருளைக்கிழங்கு வந்துவிடப் போகிறதே என்று எனக்குத் திக்கென்றது.

"மை பிரதர் காட் விண்ட் ஆஃப் மை டைப்பிங், சார். ஃப்ரம் மை ஃபிங்கர்ஸ்."

"ஃபிங்கர்ஸ்?"

ரிப்பன் மை வாசனை சார், அண்ணன் பலசரக்குக் கடைக்காரர், நேற்று என் விரலை மோந்து கண்டுபிடித்துவிட்டார், இப்போது வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று, உனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தயங்காமல் சொன்னாய். மானேஜர் நாற்காலி கிறீச்சிட வாய்விட்டுச் சிரித்தார். அந்த இடியத்தை இத்தனை சுத்தமாகப் பயன்படுத்தி நான் கேட்டதே இல்லை என்றார். பிறகு, அண்ணன் சம்மதித்துவிட்டார் இல்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நாட் யெட், சார்" என்றாய். "நீங்கள் வேலை கொடுத்தாலும், அவர் வேண்டாம் என்றால் நான் வரமாட்டேன். அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

இதை எதற்கடி அங்கே சொன்னாய்? வேலை வேண்டும் என்று வந்தவள் சொல்கிற பேச்சா அது? அப்போது உன் தலையில் நறுக்கென்று குட்டலாம் போல இருந்தது எனக்கு. இப்போது நினைத்தால் உன்னைக் கும்பிடத் தோன்றுகிறது.

மானேஜர் மணியடித்து உன் அண்ணனை உள்ளே கூப்பிட்டார். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. உன் தங்கைக்கு வேலை கொடுக்க நான் தயார், நீ என்ன சொல்கிறாய் என்று மானேஜர் இந்தியில் கேட்டார். உன் அண்ணன் அந்தக் காகிதத்தை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "இதில் தப்பு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றார் மானேஜர்.

காகிதத்தை மடங்காமல் மேஜை மேல் திருப்பி வைத்தார். பிறகு அவருடைய தாராவி இந்தியில் சொன்னார், "மேரா பெஹன் ஹை, சாப். பஹூத் ஜூட் போலா. அபி நஹி போல்த்தா." என் தங்கை, நிறையப் பொய் சொன்னாள், இப்போது சொல்வதில்லை என்று. மானேஜருக்கு என்ன விளங்கியதோ, தலையாட்டினார். உன் அண்ணன் உன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"மாமாவுக்குக் கடுதாசி நான் போடுதேன். நீ ஒண்ணும் எழுத வேண்டாம்."

அவ்வளவுதான். அண்ணன் கடையில் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்றவள், பார்சி மானேஜர் அறையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேவிக் கேவி அழுதாய். நான் வெளியே கார்பன் காகிதத்தில் மூக்கைச் சிந்தி, அந்த நாள் முழுக்க நீல மூக்கோடு திரிந்தேன்.

அப்புறம் ஒரே ஆபீசில் நம் தலை நரைத்தது. நீ உன் இஷ்டப்படி, உன் வேளை வந்தபோது, கணக்குப் பிரிவுக்காரரைக் கட்டிக்கொண்டு பாண்டுப்புக்குக் குடிபோனாய். உன் அண்ணன் கடைசிவரை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தங்கச்சி கோட்டையில இருக்கா" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் உன்னிடம் நான் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

என் பெண் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் ஆபீசில் ஒரு மராட்டிப் பையன் இருப்பது எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவளிடம் என்னென்ன கத்த வேண்டும் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவளே சமையலறைக்கு வந்து நின்றாள். "அம்மா, நாளைக்கு அவர் வீட்டுக்குப் போறேன். நீயும் வா. வந்து பாரு. பார்த்துட்டு வேண்டாம்னா சொல்லு" என்றாள். என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இந்தக் கதையை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. "யாருடி உனக்கு இப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

பாண்டுப் ஆன்ட்டிதான் என்றாள். இவளாகவே உன்னிடம் வந்து, அம்மாவிடம் எப்படி மறைப்பது என்று யோசனை கேட்டாளாம். நீ மறைக்க வழி சொல்லவில்லையாம். "உங்கம்மாகிட்ட ஏன்ட்டி மறைக்கே? கூப்பிடு, அவ வருவா" என்றாயாம்.

உன் அண்ணன் இடத்தில் நான் நின்றிருந்தேன் அன்றைக்கு. என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே தெரியாதபோது, நான் வருவேன் என்று நீ எனக்காக வாக்குக் கொடுத்துவிட்டாய். மறுநாள் நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு அவளோடு போனேன். இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத ஒன்றுக்கு யாராவது என்னைக் கூப்பிட்டால், மாட்டேன் என்று வாயெடுப்பதற்குள் உன் குரல் கேட்டுவிடுகிறது. எப்படியடி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாய், அவ வருவா என்று?